எருக்குவியலில் கல்லுப்பு

சனிக்கிழமைதோறும் காலை ஒன்பதரை மணிக்கு நான் குப்பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறேன். பச்சை மூடி போட்ட ஒரு பெட்டி. உள்ளே ஒரு வாரத்து வெங்காயச் சருகு, உருளைக்கிழங்குத் தோல், டீத்தூள் பை, முட்டை ஓடு. முறையாக டிக்கெட் வாங்கி, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு நிறுத்தம் தள்ளி இறங்குகிறேன். யாரும் மூக்கைப் பிடிப்பதில்லை. பெட்டியின் மீது ஒட்டியிருக்கும் தோட்டத்தின் பெயரைப் படித்துவிட்டு, நல்ல காரியம் செய்கிறாய் என்பதுபோல் சிலர் தலையாட்டவும் செய்கிறார்கள். ஊரிலிருந்து இதைப் படிப்பவர்கள் சிரிப்பீர்கள். மரக்காணத்திலிருந்து திண்டிவனம் போகிற பஸ்ஸில் ஒருத்தி தன் வீட்டுக் குப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், கண்டக்டர் அவளை இறக்கிவிடுவாரா, இல்லை ஆஸ்பத்திரிக்கே கொண்டுபோய் விடுவாரா என்று நானும் யோசித்துப் பார்த்ததுண்டு.

ஆஸ்பத்திரியில்தான் எனக்கு வேலை. வட இங்கிலாந்தில், பஞ்சாலைகள் எல்லாம் மூடிப்போன ஒரு நகரத்தில் நர்சாக இருக்கிறேன். வந்து இரண்டு வருடம் கழித்து, 2004 இலையுதிர் காலத்தில், இந்தக் கம்யூனிட்டி கார்டனில் சேர்ந்தேன். இடித்த பள்ளிக்கூடம் ஒன்றின் மனையில் முப்பது பேர் சேர்ந்து காய்கறி போடும் இடம் அது. பசுமையின் மீது ஆசைப்பட்டெல்லாம் நான் போகவில்லை. விடுமுறை நாளில் வாயைத் திறந்து பேச ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்த துண்டுத் தாளில், வருகிறவர்களுக்கு டீயும் பிஸ்கட்டும் உண்டு என்று போட்டிருந்தது.

அங்கே எருக்குவியலுக்குப் பொறுப்பு மார்கரெட். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். புத்தகம் அடுக்கிய கை சும்மா இருக்கமுடியாமல் குப்பையை அடுக்கிக்கொண்டிருந்தது. என் விண்ணப்பத்தில் இந்தியா, கிராமம் என்ற இரண்டு சொற்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"அப்படியென்றால் உங்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நாங்கள்தான் உங்களிடம் கற்றுக்கொள்ள வேண்டும்."

"எங்கள் வீட்டில் விவசாயம் கிடையாது. அப்பா உப்பு எடுக்கிறார்" என்றேன்.

பக்கத்தில் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்த காலின் என்பவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் பஸ் டிரைவர். இந்த நாட்டில் உப்பைச் சுரங்கம் தோண்டி எடுக்கிறார்கள் என்பது எனக்கு அன்று தெரியாது.

"எவ்வளவு ஆழம்?" என்று அக்கறையாகக் கேட்டார்.

"கணுக்கால் அளவு" என்றேன்.

காலின் மண்வெட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தார். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் ஸ்டெல்லாவுக்கு நகைச்சுவை உணர்ச்சி அதிகம் என்று அன்று மாலைக்குள் தோட்டம் முழுவதும் தெரிந்துவிட்டது. இந்தியப் பெயரை எதிர்பார்த்து, ஸ்டெல்லா என்ற என் பெயரில் சற்று ஏமாந்திருந்தவர்களுக்கும் அது ஆறுதலாக இருந்திருக்கும். நான் திருத்தப் போகவில்லை. வந்த முதல் நாளே பெயர் கிடைப்பது எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

உண்மையில் நான் சொன்னது அளந்து சொன்ன கணக்கு. மரக்காணத்தில் பொங்கல் கழிந்ததும் உப்பளத்தில் பாத்தி மிதிக்க ஆரம்பிப்பார்கள். மழையில் குழம்பிப்போன களிமண் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்க வேண்டும். இறுகினால்தான் பாய்ச்சிய தண்ணீர் கீழே இறங்காமல் நிற்கும். நின்றால்தான் வெயில் தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை விட்டுவைக்கும். ஒரு புல் தலைகாட்டினாலும் பாத்தி கெட்டது. ஒன்பதாவது படிக்கும்வரை லீவு நாட்களில் அம்மாவோடு போய் நான் வரப்பில் புல் பிடுங்கியிருக்கிறேன். எங்கள் குடும்பம் எனக்குத் தெரிந்து மூன்று தலைமுறையாகச் செய்துவந்த வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், மண்ணில் எதுவும் முளைத்துவிடாமல் பார்த்துக்கொள்வது. என்னிடம் விவசாயம் கற்றுக்கொள்ளப் போவதாக மார்கரெட் சொன்னபோது எனக்குள் சிரிப்பு வந்தது இதனால்தான்.

உப்பு எங்களுக்கு வேலை மட்டுமல்ல, மருந்துப் பெட்டியும் அதுதான். மீன் கெடப் பார்க்கிறதா, உப்பு. தொண்டை கட்டியதா, உப்பு. தென்னங்கன்று வைக்கிற குழியில் கறையான் வராமலிருக்க இரண்டு கை உப்பு. கண்பட்டால் உப்பைச் சுற்றி அடுப்பில் போடுவோம், பங்குச் சாமியாருக்குத் தெரியாமல்.

தோட்டத்தில் எருக்குவியலுக்கு மேலே பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அறிவிப்பு தொங்கியது. எதைப் போடலாம், எதைப் போடக்கூடாது என்று இரண்டு வரிசை. பச்சைக் காய்கறித் தோல் போடலாம். சமைத்தது எதுவும் ஆகாது. மண்புழுப் பெட்டியில் வெங்காயம்கூட ஆகாது. சமைத்தது தீட்டு, பச்சையானது சுத்தம், வெங்காயம் விலக்கு என்று நான் ஊரில் கேள்விப்பட்ட ஆசாரங்களை எல்லாம் இங்கே புழுக்கள் கடைப்பிடித்துக்கொண்டிருந்தன. ஆனால் பொய் சொல்லக்கூடாது, அந்தக் குவியல் என்னை மெல்ல மெல்ல இழுத்துவிட்டது. ஒரு அடுக்கு பச்சை, ஒரு அடுக்கு காய்ந்த சருகு, ஒரு கை மண். மூன்று மாதம் முன்னால் நான் கொட்டிய தோல், கறுத்து, பொலபொலவென்று மழை மண் வாசனையோடு கையில் வந்தபோது நான் குழந்தைபோல் சந்தோஷப்பட்டேன். எங்கள் உப்பளத்தில் எதையும் அழுகவிடுவதில்லை. அழுகுவதும் ஒரு வேலைதான் என்பதை முப்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன்.

அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் கடல் வந்தது.

கடலோரக் குப்பங்களில் மனிதர்களே போனார்கள். எங்கள் வீட்டில் எல்லாரும் பிழைத்திருந்தார்கள். அதனால் நிலத்தைப் பற்றிப் பேசவே அப்பாவுக்கு நாக்குக் கூசியது. எங்களுக்கு அரைக் காணி நிலம் இருந்தது. ஊருக்கு மேற்கே, கழுவெளி என்கிற உப்பங்கழியை ஒட்டி. நாற்பது வருடம் அடுத்தவர் பாத்தியில் கூலிக்கு உப்பு வாரிய என் அப்பா சவரிமுத்து, நான் நர்சிங் முடித்த வருடம் வாங்கிய நிலம். எங்கள் குடும்பத்தில் ஏதாவது முளைக்கிற மண் யாருக்காவது சொந்தமானது அதுவே முதல் தடவை. முகத்துவாரம் வழியாக ஏறிய கடல் தண்ணீர் கழுவெளியை நிரப்பி, அந்த அரைக் காணியில் வந்து இரண்டு நாள் நின்றது. வடிந்த பிறகு வெயில் தன் வேலையைப் பார்த்தது. பத்து நாளில் நிலம் வெள்ளைவெளேர் என்றாகிவிட்டது.

"நாப்பது வருசம் தண்ணி கட்டி, வெயிலுக்குக் காத்துக் கெடந்து உப்பு எடுத்தேன்" என்றார் அப்பா போனில். "இப்ப கேக்காமலே கொண்டாந்து கொட்டிட்டுப் போயிருக்குது."

தோட்டத்தில் எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். வீடு தப்பியது, நிலத்தில்தான் கடல் ஏறிவிட்டது என்றேன். நல்லவேளை, நிலத்தோடு போயிற்று என்றார்கள். அதுவும் சரிதான். அடுத்த வாரம் ஆளுக்கொரு விதைப் பொட்டலம் கொண்டுவந்து ஒரு பெரிய உறையில் போட்டு, உன் அப்பாவுக்கு அனுப்பு என்று கொடுத்தார்கள். லெட்டூஸ், கேல் என்று குளிர்நாட்டுக் கீரைகள், ஏதோ பூ. அத்தனையிலும் வண்ணப் படம். நான் அனுப்பினேன். உப்பு பூத்த நிலத்துக்கு லெட்டூஸ் விதை. அம்மாவின் கோழிகள் அதை விரும்பிச் சாப்பிட்டதாகப் பிறகு தகவல் வந்தது.

மாசி மாதம் அப்பாவின் முதலாளி வீட்டுக்கு வந்தார். பக்கத்து இரண்டு நிலத்தையும் அவர் ஏற்கெனவே குத்தகைக்குப் பேசி முடித்திருந்தார். கெட்டவர் இல்லை, பேச்சும் நியாயமாகவே இருந்தது என்று அம்மா சொன்னாள்.

"ஏம்பா சவரி, இனிமே இதுல உப்புதான் வெளையும். உனக்குத் தெரியாததா? குடுத்துடு, நான் பாத்தி கட்டிக்கிறேன். நீயே வந்து பாரு, உன் நெலத்துல நீயே மேஸ்திரி."

அப்பா ஒரு வருடம் அவகாசம் கேட்டார். அடுத்த தை மாதத்துக்குள் பச்சை பிடிக்கவில்லையென்றால் நிலத்தைக் கொடுத்துவிடுவதாகச் சொன்னார். முதலாளி சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். சொந்த நிலத்திலும் போய்ப் பாத்தி மிதிப்பதா என்ற கேள்வி அப்பாவை அரித்துக்கொண்டிருந்தது, வாய்விட்டுச் சொல்லமாட்டார்.

இந்த இடத்தில்தான் இங்கிலாந்து நிபுணர் ஒருத்தி உள்ளே நுழைகிறாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவுக்குப் போன் போடுவேன். அந்த வசந்த காலம் முழுக்க, பிளாஸ்டிக் உறை போட்ட அறிவிப்பை நான் அவருக்குத் தமிழில் வாசித்தேன். எரு போடுங்கள், எரு போட்டால் மண் இளகும், இளகினால் மழை உப்பைக் கீழே இறக்கும். ஒரு அடுக்கு பச்சை, ஒரு அடுக்கு சருகு. அப்பா பொறுமையாக "சரிம்மா, சரிம்மா" என்பார். சருகுக்குச் சவுக்குத் தோப்பு இருந்தது. பச்சைக்கு எங்கே போவது? எங்கள் வீட்டில் குப்பை என்ற ஒன்றே கிடையாது. தோல் ஆட்டுக்கு, மீன் தலை பூனைக்கு, கஞ்சி பக்கத்து வீட்டு மாட்டுக்கு, காகிதம் அடுப்புக்கு. நான் இதை யோசிக்கவில்லை. அப்பா யோசித்தார்.

சித்திரையில் ஒரு நாள் அம்மா போனைப் பிடுங்கிக்கொண்டாள்.

"நீ லண்டன்ல குந்திக்கினு குப்ப போடு குப்ப போடுன்ன. உங்கப்பா இன்னா பண்றாரு தெரியுமா? கல்யாண மண்டபத்துக்குப் பின்னால போயி எச்செல வாரிக்கினு வர்றாரு. சாக்குல கட்டி, சைக்கிள்ல வச்சி, பட்டப்பகல்ல. தெருவுல நான் எப்படித் தலைகாட்டுவேன்?"

நான் இருப்பது லண்டன் இல்லை, லண்டனிலிருந்து ரயிலில் மூன்று மணி நேரம் என்று சொல்ல வேண்டிய நேரம் அது இல்லை. ஊரில் பிறந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புலம்பெயர்ந்தவர்களுக்கு வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். அடுத்தவர் சாப்பிட்டு எறிந்த இலையை எடுப்பது எங்கள் பக்கத்தில் வெறும் வேலை அல்ல. யார் எடுக்க வேண்டும், யாரை எடுக்க வைப்பார்கள் என்று ஊரே எழுதாமல் எழுதி வைத்திருந்த ஒன்று. அதிலிருந்து விலகி வரத்தான் என் அப்பா என்னைப் படிக்க வைத்தார். சோறும் சாம்பாரும் அப்பிய அந்த இலைகளை, என் அறிவிப்புப் பலகை கண்டிப்பாக ஆகாது என்று சொன்ன சமைத்த உணவோடு சேர்த்து, அவர் என் பேச்சைக் கேட்டுத்தான் தூக்கிக்கொண்டு வந்தார். நான் மூடி போட்ட பெட்டியில் ஒரு கிலோ தோலைக் கொண்டுபோனால் பாராட்டுகிறார்கள். அவர் சாக்கில் முப்பது கிலோ கொண்டுவந்தால் தெருவே வாயைப் பொத்திச் சிரிக்கிறது. அன்று நான் அழுதேன். பிறகு சனிக்கிழமை வந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

அப்பா நிறுத்தவில்லை. "எல எல்லாம் ஒரே எலதாம்மா. மண்ணுக்கு யாரு தின்னதுன்னா தெரியப் போவுது?" என்று மட்டும் சொன்னார்.

வைகாசியில் கோடை மழை ஒன்று வந்தது. உப்பளத்தில் கோடை மழை என்றால் சாவு விழுந்த மாதிரி. வாரிக் குவித்த உப்பைக் கீற்றுப் போட்டு மூட ஆளுக்கொரு பக்கம் ஓடுவார்கள். பாத்தியில் கிடப்பது கரைந்தே போய்விடும். அப்பாவும் கீற்றோடு ஓடியிருக்கிறார். ஆனால் அவர் கண் மேற்கே, தன் நிலத்தின் பக்கம் இருந்ததை முதலாளி பார்த்துவிட்டார்.

"ஏம்பா சவரி, இங்க உப்பு கரையுது, உனக்கு மூஞ்சில சிரிப்பா?"

அப்பா அடுத்த கீற்றை எடுக்கக் குனிந்துகொண்டார். மரக்காணம் உப்பளத்தில் அன்று கூலிக்கு நின்றவர்களில் மழைக்கு வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அவராகத்தான் இருந்திருப்பார்.

இனி என் பங்கு. ஜூன் மாதம் மார்கரெட் பத்து நாள் ஸ்பெயினுக்கு விடுமுறை போனார். குவியலைப் பார்த்துக்கொள்ளும் முறை என்னுடையது. சாவியைக் கொடுக்கும்போது, நீண்ட கம்பி போன்ற ஒரு தெர்மாமீட்டரையும் கொடுத்தார். ஒரு நாளைக்கு ஒரு தடவை குவியலுக்குள் செருகி, அளவைப் படித்து, அங்கே தொங்கும் தாளில் குறிக்க வேண்டும். வார்டில் நான் தினமும் செய்கிற அதே வேலை. பெருமையாக இருந்தது.

மூன்றாம் நாள் குவியலிலிருந்து புகை வந்தது. செருகிப் பார்த்தால் அறுபத்தைந்து டிகிரி. கிட்டே போனால் வீச்சம் வேறு. நன்றாக வேலை செய்கிற குவியல் அப்படித்தான் கொதிக்கும் என்று யாரோ ஒருநாள் சொல்லியிருக்கலாம். அன்று டீ குடித்துக்கொண்டு இருந்திருப்பேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டு விஷயம். சூடு ஏறினால் நோயாளி ஆபத்தில் இருக்கிறார். நாற்றம் வந்தால் மீன் கெடப் போகிறது. முப்பது வீட்டுக்காரர்கள் ஒரு வருடம் சேர்த்த குவியல் என் பொறுப்பில் கெட்டுப்போனது என்ற பேச்சு வரக்கூடாது. வீட்டுக்கு ஓடினேன். பொடியுப்பில் மீன் குழம்பு வைக்கமாட்டேன் என்ற வீம்புக்காகப் பாகிஸ்தானியர் கடையில் வாங்கி வைத்திருந்த பத்துக் கிலோ கல்லுப்பு மூட்டை ஏறக்குறைய முழுதாக இருந்தது. கருவாட்டுக்குப் போடுவதுபோல ஒரு அடுக்கு குப்பை, ஒரு அடுக்கு உப்பு என்று புரட்டிப் புரட்டிப் போட்டேன். மேலே தண்ணீர் தெளித்தேன். ஒரு நர்ஸ் இதைச் செய்தாள் என்பதை மறக்காமல் படியுங்கள்.

வைத்தியம் பலித்தது. நான்கு நாளில் சூடு இருபத்தைந்துக்கு வந்தது, நாற்றமும் நின்றது. தாளில் எண்களை வரிசையாகக் குறித்து, கடைசியில் "நிலைமை சீராக உள்ளது" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். மார்கரெட் திரும்பி வந்து அந்தத் தாளை வெகுநேரம் பார்த்தார். பிறகு கவைக்கோலால் குவியலைக் கிளறினார். சுருண்டு செத்த புழுக்களுக்கு நடுவே, கரையாத கல்லுப்பு வெயிலில் மின்னியது.

கூட்டம் கூட்டினார்கள். டீயும் பிஸ்கட்டும் வைத்தார்கள். ஊராக இருந்தால் இந்நேரம் என் பரம்பரையையே இழுத்து நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். கேட்டுவிட்டு மறுநாள் குழம்பு கடன் வாங்க வந்திருப்பார்கள். இங்கே எல்லாரும் ரொம்ப மென்மையாகப் பேசினார்கள். அதுதான் தாங்கமுடியவில்லை.

"இது உங்கள் சமயச் சடங்கா, ஸ்டெல்லா?" என்று ஒருவர் கேட்டார். "அப்படியென்றால் நாங்கள் மதிக்க வேண்டும்."

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அந்த நிமிடமே தப்பித்திருப்பேன். அறிவிப்பில் எனக்காக ஒரு வரிகூடச் சேர்த்திருப்பார்கள். நான் கத்தோலிக்கப் பெண், மார்கரெட் போகிற அதே தேவாலயத்தில் இரண்டு வரிசை பின்னால் உட்காருகிறவள்.

"இல்லை" என்றேன். "மீனுக்குச் செய்வது."

யாருக்கும் புரியவில்லை. கூட்டக் குறிப்பில் "பண்பாட்டுப் புரிதலின்மை" என்று எழுதிக்கொண்டார்கள். குவியலைப் பிரித்து, நல்லதை மெல்லியதாகப் பரப்பி, குழாய்த் தண்ணீர் விட்டு அலசிக் கொஞ்சம் மீட்டார்கள். மோசமானதைக் கொட்டகைக்குப் பின்னால் மூலையில் கொட்டினார்கள். அந்த மூலையில் இருந்த புல்லும் செத்துப்போய், ஒரு பாய் அளவுக்கு மொட்டைத் தரை ஆகிவிட்டது. அதற்கு "ஸ்டெல்லாவின் மூலை" என்று பெயர். யாரும் கெட்ட எண்ணத்தோடு வைக்கவில்லை. எதை எங்கே வைப்பது என்று கேட்டால், ஸ்டெல்லாவின் மூலைக்குப் பக்கத்தில் என்பார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொன்னேன். மறுமுனையில் சத்தமே இல்லை. போன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று தெரிந்தது. கடல் வந்ததற்குப் பிறகு அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை.

"எருவுல உப்ப போட்டியா? நர்சு படிச்ச பொண்ணு? நான் இங்க எருவ போட்டு உப்ப தொரத்துறேன். நீ அங்க உப்ப போட்டு எருவ தொரத்துற. நல்லா இருக்குது நம்ம குடும்பம்."

மூச்சு வாங்கிவிட்டு, தண்ணீர் விட்டு அலசினார்களா என்று கேட்டார். அலசினார்கள், தரை சரிவாக இருந்ததால் உப்பு ஓடிவிட்டது என்றேன்.

"அதான். தண்ணி நின்னா உப்பு. ஓடுனா உப்பு இல்ல. இத்தினி நாள் நிக்க வச்சேன், இனிமே ஓட வுடணும். அவ்ளோதான வேல?" என்றார்.

நான் நாலு மாதம் வாசித்துக் காட்டிய அறிவிப்பில் இந்த ஒரு வரி இல்லை.

ஆடியில் ஒரு மழை விழுந்ததும், விவசாய ஆபீசில் கொடுத்த தக்கைப்பூண்டு என்ற பசுந்தாள் எரு விதையை விதைத்தார். பாதி முளைத்தது. அதையும் எருவையும் ஆழ உழுது மடக்கினார். இறுகக் காலால் மிதித்தே பழகியவர் மண்ணைக் கிளறிப்போட்டுக்கொண்டிருந்ததை அம்மா வேடிக்கை பார்த்தாளாம். ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருடம் விடாத மழை. ஒரு சின்ன ஓட்டை விழுந்தாலும் ஓடிப்போய் வரப்பை அடைத்துப் பழகிய மனிதர், தலையில் சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு நின்று, தன் வரப்பைத் தானே நாலு இடத்தில் வெட்டிவிட்டார். தண்ணீர் ஏறும், ஓடும், மறுபடி ஏறும். கையால் அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பாராம். எவ்வளவு உப்பு என்று சொல்ல அவருக்கு நாக்குப் போதும், எந்தக் கருவியும் வேண்டாம். கார்த்திகைக் கடைசியில் போனில் சொன்னார்: "கரிக்கல." அந்த ஒரு சொல்லைக் கேட்க நான் டூட்டியிலிருந்து வெளியே வந்து பனியில் நின்றுகொண்டிருந்தேன்.

தையில் முதலாளி வந்து வரப்பின் மேல் நின்றார். தர்பூசணி விதை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. அரைக் காணியும் முழுவதும் இல்லை, ஆனாலும் பச்சை.

"உப்ப எங்கடா தொரத்துன?" என்றாராம்.

"வந்த எடத்துக்கே போச்சுங்க" என்றாராம் அப்பா.

முதலாளி வரப்பிலிருந்து இறங்கி, நாளைக்குப் பாத்தி மிதிக்க நேரத்தோடு வந்துவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பாவும் போனார்.

2006 மே மாதம் லீவில் ஊருக்குப் போனேன். அப்பா மண்டபத்து இலையைக் கொட்டிய எருக்குழியைத்தான் முதலில் பார்த்தேன். கறுப்பாக, பொலபொலவென்று, மார்கரெட் பார்த்தால் பொறாமைப்படும் மண். நடுவே ஒரு எவர்சில்வர் கரண்டியும் ஏழெட்டு பிளாஸ்டிக் டம்ளரும். அம்மா அந்தக் குழிப் பக்கம் இன்னும் போவதில்லை. ஆனால் தெருவில் அவள் அதற்கு வைத்திருக்கும் பெயர் "லண்டன் எரு". என் பொண்ணு அங்கேயிருந்து சொல்லிக் கொடுத்தது, வெள்ளைக்காரங்க போடுற எரு என்று சொல்லிச் சொல்லி, எச்சில் இலையை வெள்ளையடித்துவிட்டாள். சிரித்த தெருவிலிருந்தே இரண்டு பேர் இப்போது சாக்கோடு மண்டபத்துக்குப் போகிறார்கள். முகூர்த்த நாளில் இலை வேண்டுமென்றால் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டுமாம்.

நிலத்தில் அப்பா ஒரு பழத்தை மண்வெட்டியாலேயே பிளந்தார். பெரிய பழம் இல்லை. இனிப்பாக இருந்தது. கிழக்கு மூலையில், தண்ணீர் வடியாத பள்ளத்தில், ஒரு கட்டில் அளவுக்கு நிலம் வெள்ளையாகவே கிடந்தது. அதில் உமரி முளைத்திருந்தது. உப்பளத்து வரப்பில் கிடக்குமே, தண்டு தடித்து, கிள்ளினால் சாறு கரிக்குமே, அந்தக் குட்டைச் செடி. அம்மாவோடு போய் நான் பிடுங்கி எறிந்த செடி. பழக்கத்தில் கை போயிற்று.

"அத்தப் புடுங்காத" என்றார் அப்பா. "கெடக்கட்டும். நாப்பது வருசம் உப்புதான் சோறு போட்டுருக்குது. மொத்தமா தொரத்துறதா?"

"பரவாதாப்பா?"

"எப்படிப் பரவும்? அதுக்கு உப்பு வேணும். உப்பு இல்லாத எடத்துல அது பொழைக்காது."

அவர் அந்த வெள்ளை மண்ணின் மேல் பூத்திருந்த உப்பை விரலால் வழித்து, என் துண்டுப் பழத்தின் மேல் தூவிக் கொடுத்தார். சாப்பிட்டேன்.

திரும்பும்போது விதையோடு காய்ந்த உமரி ஒரு கைப்பிடியைச் செய்தித்தாளில் மடித்து, பெட்டியில் துணிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு வந்தேன். விமான நிலையத்திலும் சரி, தோட்டத்து அறிவிப்பிலும் சரி, வெளிநாட்டு விதை கூடாது என்றுதான் போட்டிருக்கிறது. ஒரு சனிக்கிழமை யாரும் பார்க்காதபோது அதை ஸ்டெல்லாவின் மூலையில் உதிர்த்துவிட்டேன். ஆனால் இங்கே வாரத்தில் ஐந்து நாள் மழை. என் மூலையைக் கழுவிக் கழுவி நல்ல மண்ணாக்கிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் புல்கூட வர ஆரம்பித்துவிட்டது. அதனால் இப்போதெல்லாம் பச்சை மூடிப் பெட்டியில், தோலுக்கும் தேயிலைக்கும் அடியில், ஒரு சின்னப் பொட்டலம் கல்லுப்பும் என்னோடு பஸ் ஏறுகிறது. கொட்டகைக்குப் பின்னால் போய், ஓரத்துப் புல்லைப் பிடுங்கிவிட்டு, தூவிவிட்டு வருகிறேன்.

போன வாரம் நான் அங்கே குனிந்து பார்த்துக்கொண்டிருந்ததைக் காலின் கவனித்துவிட்டார். பக்கத்தில் வந்து என் தோளில் கை வைத்தார்.

"இன்னும் அதையே நினைத்துக்கொண்டிருக்காதே, ஸ்டெல்லா. எல்லாரும் மறந்தாயிற்று. கொஞ்ச நாளில் அந்த இடமும் மற்ற இடம்போல ஆகிவிடும்."

நன்றி என்றேன். அவர் போனதும் பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். உமரி இன்னும் முளைக்கவில்லை.